பஸ் ஸ்டாப்பில் விரித்த நிழல்

ஒத்தப்புளிச்செவல் என்ற ஊருக்குப் பேரில் மட்டும்தான் புளியமரம் உண்டு. மரத்தை நாலுவழிச் சாலைக்காரர்கள் வெட்டிக்கொண்டு போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது, அதற்குப் பிறகு அவரவர் காலடியில் கிடக்கிற சொந்த நிழலைத் தவிர அந்த ஊரில் நிழல் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது. அந்த ஊரில்தான் காளீஸ்வரி என்ற பெண் ஒரு சித்திரை மாதத்துச் செவ்வாய்க்கிழமை காலையில் ஓர் ஒயர்க்கூடையின் நிழலைக் கம்ப்யூட்டரில் அழித்தாள், படத்தில் அழித்ததும் மேஜைமேல் இருந்த நிஜக் கூடையின் நிழலும் போய்விட்டது.

காளீஸுக்கு அப்போது பதினெட்டு வயது. பன்னிரண்டாம் வகுப்பில் கணக்கில் போய்விட்டது, மறுபடி எழுது என்றார்கள். "போன தடவ புரியாதது இந்தத் தடவ மட்டும் எப்படிப் புரியும்?" என்று கேட்டுவிட்டு, பள்ளிக்கூடத்தோடு கணக்கைத் தீர்த்துக்கொண்டு, கோவில்பட்டிக்கு மூன்று மாதம் பஸ்ஸில் போய்வந்து போட்டோ எடிட்டிங் கற்றுக்கொண்டாள். ஊரில் மகளிர் குழுப் பெண்கள் இருபத்திரண்டு பேர் பிளாஸ்டிக் ஒயரில் கூடை பின்னினார்கள், சிவப்பும் மஞ்சளும், பச்சையும் வெள்ளையும், நெல்லிக்காய் முடிச்சு, சிவன்கண் முடிச்சு என்று. அதை ஆன்லைனில் விற்கிற ஒரு கடை படம் அனுப்பச் சொல்லியிருந்தது. வெள்ளைப் பின்னணி வேண்டும், நிழல் துளிகூட இருக்கக் கூடாது, அவ்வளவுதான் அவர்கள் சொன்னது.

அழிந்ததை நம்பாமல் காளீஸ் கூடையைத் தூக்கி ட்யூப்லைட்டுக்குக் கீழே பிடித்தாள், ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள், வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் வைத்தாள், மூன்று இடத்திலும் கூடை இருந்தது, நிழல் இல்லை. "சரி, பிசிறில்லாம வந்திருக்கு" என்று உள்ளே வந்து அடுத்த படத்தைத் திறந்தாள், ஏனென்றால் இன்னும் அறுபத்திரண்டு படம் பாக்கி இருந்தது, ஆச்சரியப்பட உட்கார்ந்தால் அன்றைக்குள் முடியாது.

கழற்றிய நிழல் எங்கேயாவது போய்த்தானே ஆக வேண்டும். மேஜைக்கு அடியில் போய் விழுந்தது. ஒன்றின்மேல் ஒன்றாக, ஈரத்துணி விழுகிற மாதிரி சத்தமில்லாமல் விழுந்து, சாயங்காலம் குழுத் தலைவி ஞானசௌந்தரி விளக்குமாற்றோடு வந்தபோது முழங்கால் உயரத்துக்குக் கிடந்தது. கூட்டிப் பார்த்தாள், விளக்குமாறு அதற்குள் புகுந்து வெளியே வந்ததே தவிர ஒன்றும் நகரவில்லை. அப்புறம் குனிந்து, தோசையைத் திருப்புகிற மாதிரி ஓரத்தை நகத்தால் கிளப்பினாள், அது எழும்பி வந்தது, பானைக்கு அடியில் இருக்கிற மணல்போல ஜில்லென்று இருந்தது.

"ஏட்டி காளீஸ், இத எங்க போடுறது?"

"எனக்கென்ன தெரியும் அத்த? குப்பைதான, வெளிய போடுங்க."

வெளியே போட்டாள். போட்ட இடத்தில் தெருநாய் வந்து படுத்தது, பிறகு எழுந்திருக்கவே மாட்டேன் என்றது. அதைப் பார்த்த டீக்கடைச் சுடலைமுத்து ஒரு நிழலை எடுத்துக்கொண்டுபோய்ப் பால்சட்டிக்கு அடியில் விரித்தார், பால் மறுநாள் வரைக்கும் திரியவில்லை. ஒரு நிழலைக் கோழிக்கூட்டுக்குள் போட்டார்கள், ஒன்றைக் கைக்குழந்தைத் தொட்டிலுக்குக் கீழே போட்டார்கள், ஒரு பெரிய கூடையின் நிழலை மாட்டுக்காரர் ஒருவர் எருமைக்கென்று வாங்கிப்போய், எருமை முழுவதும் அதில் அடங்கவில்லை, தலைப்பக்கம் மட்டும்தான் குளிர்கிறது என்று திரும்பி வந்து சண்டை போட்டார். ஒரு வாரத்துக்குள் ஊர் இதையெல்லாம் கற்றுக்கொண்டுவிட்டது: நிழலை மேலே கட்ட வேண்டியதில்லை, தரையில் விரித்தால் போதும், அதன்மேல் நிற்கிறவர் தலையில் வெயில் இறங்காது, துவைக்கக் கூடாது, துவைத்தால் வெளுக்கும், மடிக்கலாம், சுவரில் சாத்தி வைத்தால் சரிந்து விழும்.

ஓரத்தைப் பிடித்து இழுத்தால் அது இழை இழையாகப் பிரியும் என்பதைக் கண்டுபிடித்தவள் காளீஸின் அம்மா சண்முகக்கனி. இழையாக ஒன்று கையில் கிடைத்தால் அந்த ஊர்ப் பெண்களுக்கு என்ன செய்வதென்று சொல்லித்தர வேண்டியதில்லை, முடிச்சுப் போட்டார்கள். ஒரு கூடையின் நிழலை இன்னொன்றோடு பின்னி, அதை மூன்றாவதோடு பின்னி, கூரையே இல்லாத பஸ் ஸ்டாப்பில் கொண்டுபோய் விரித்தார்கள். கத்திரி வெயிலில் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு நின்ற ஆட்கள் முதல் நாள் செருப்பைக் கழற்றிவிட்டு அதன்மேல் ஏறினார்கள், இரண்டாம் நாள் செருப்போடு ஏறினார்கள், மூன்றாம் நாள் அங்கே இடத்துக்குச் சண்டை வந்தது. தூத்துக்குடி வண்டி டிரைவர் அந்த நிறுத்தத்தில் மட்டும் இரண்டு நிமிஷம் கூடுதலாக நிறுத்தி இறங்கி நின்றுவிட்டுப் போனார். பக்கத்து ஊர்க்காரர்கள் தங்களுக்கு பஸ் இல்லாவிட்டாலும் வந்து நின்றார்கள்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, காளீஸ் அவசரப்படுகிற வரைக்கும்.

ஆன்லைன் கடைக்காரர்கள் புதிதாக ஒரு படம் கேட்டார்கள், கூடை மட்டும் போதாதாம், கூடையைப் பின்னுகிற ஆளும் படத்தில் வேண்டுமாம், பின்னணியும் நிழலும் அதே மாதிரி போயாக வேண்டுமாம். குழுவில் நன்றாகப் பின்னுகிற கை சண்முகக்கனியின் கைதான். அந்தக் கை சும்மா இருந்ததை யாரும் பார்த்ததில்லை, டிவி பார்த்தாலும் பின்னும், பக்கத்து வீட்டோடு சண்டை போட்டாலும் பின்னும், துக்க வீட்டில்கூட முந்தானைக்குள் ஒயரை வைத்து மெதுவாகப் பின்னும். காளீஸ் அம்மாவை வாசலில் குத்தவைக்கச் சொல்லி, மடியில் பாதிக் கூடையோடு படம் எடுத்தாள். கம்ப்யூட்டரில் பார்த்தால் கூடையின் நிழலும் அம்மாவின் நிழலும் ஒன்றாக ஒட்டிக் கிடந்தது. பிரித்து எடுக்க ஒரு மணி நேரம் ஆகும், அன்றைக்கு எண்பது படம் இருந்தது. சேர்த்து அழித்தாள். சேவ் கொடுத்தாள். படத்தை மூடினாள்.

எண்பதையும் முடித்துவிட்டு நிமிர்ந்தபோதுதான் அவளுக்கு உறைத்தது. 'சேவ் ஆஸ்' கொடுத்திருக்க வேண்டும், பழைய படத்தை அப்படியே வைத்துவிட்டு நகலில் அழித்திருக்க வேண்டும், கோவில்பட்டியில் சொல்லிக்கொடுத்த முதல் பாடமே அதுதான். மேஜைக்கு அடியில் பார்த்தாள், அங்கே ஒன்றும் இல்லை, சௌந்தரி அத்தை அப்போதுதான் குவியலை அள்ளிக்கொண்டு போயிருந்தாள், அதை அன்றைக்கே மற்ற கூடை நிழல்களோடு சேர்த்துப் பஸ் ஸ்டாப்பில் பின்னிவிட்டார்கள்.

காளீஸ் மறைக்கவில்லை. மறைத்து வைத்துக்கொண்டு முழிக்கிற பொறுமை அவளுக்குக் கிடையாது. குழுக் கூட்டத்தில் எழுந்து நின்று, "நான்தான் அம்மாவோட நிழல அழிச்சேன், சேவ் ஆஸ் குடுக்காம சேவ் குடுத்துட்டேன்" என்றாள். யாருக்கும் விளங்கவில்லை. "நேத்து வச்ச குழம்புச் சட்டியில இன்னைக்கு வச்ச குழம்பையும் ஊத்திட்டேன், இனி ரெண்டையும் பிரிக்க முடியாது" என்றாள், எல்லோருக்கும் விளங்கியது.

நிழல் இல்லாதது முதல் இரண்டு நாள் சண்முகக்கனிக்கு ஒன்றும் செய்யவில்லை. மூன்றாம் நாள் உடம்பு சுட ஆரம்பித்தது. தரையில் தள்ளிவிட வேண்டியதைத் தள்ளிவிட வழி இல்லாமல் அவள்மேல் விழுகிற வெயில் அவளுக்குள்ளேயே நின்றது. நர்ஸம்மா தந்த மாத்திரையில் இறங்கவில்லை, இளநீரில் இறங்கவில்லை, சந்தனத்தில் இறங்கவில்லை. அதுகூடப் பரவாயில்லை என்று இருந்திருப்பாள், ஆனால் கையில் ஒயரை எடுத்தால் ஒயர் இளகியது, முடிச்சுப் போட்டால் முடிச்சு மெழுகுபோல வழுக்கிப் பிரிந்தது, ஒரு வரிசை போட்டு நிமிர்ந்தால் கீழே மூன்று வரிசை அவிழ்ந்து கிடந்தது. ஐந்தாம் நாள் அவள் ஒயர் ரோலைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டு, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். சும்மா கிடந்த அந்தக் கைகளைப் பார்க்க முடியாமல் காளீஸ் சோற்றுத் தட்டை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போய்விட்டாள்.

சாஃப்ட்வேரிலேயே நிழல் சேர்க்கிற வசதி ஒன்று உண்டு. அம்மாவைப் புதிதாகப் படம் எடுத்து, அதில் ஒரு நிழலைச் சேர்த்துப் பார்த்தாள். சேர்ந்தது. ஆனால் அந்த நிழல் எப்போது பார்த்தாலும் வலதுபக்கம் கீழே சரிந்தே விழுந்தது, உச்சி வெயிலிலும் அப்படித்தான், இருட்டு அடுப்படிக்குள்ளேயும் அப்படித்தான், ஓரமெல்லாம் பஞ்சு மாதிரி மங்கலாக இருந்தது, அம்மா திரும்பினால் ராட்டினம் மாதிரி கூடவே சுற்றியது.

"ஏ கனி, நீ ரோட்டுல போறப்ப ஒன் நிழலப் பாத்து மணி நாலுன்னு நெனச்சு நூறுநாள் வேலையில இருந்து கெளம்பி வந்துட்டேன்" என்று பக்கத்து வீட்டுக்காரி வந்து கத்தினாள்.

சூடும் இறங்கவில்லை. "இது யாரோட நிழலோ, இத எடுத்துரு தாயி. யாரோ பின்னாலயே நிக்கற மாதிரி இருக்கு" என்றாள் அம்மா. காளீஸ் எடுத்துவிட்டாள்.

அப்போதுதான் சுடலைமுத்து அந்த விஷயத்தைச் சொன்னார். டீக்கடை பஸ் ஸ்டாப்புக்கு எதிரே இருப்பதால் அவருக்குத் தெரியாமல் அங்கே ஒன்றும் நடக்காது.

"ஏ பிள்ள, நீங்க பின்னுன நிழல்ல நடுவுல ஒரு துண்டு மட்டும் சும்மாவே இருக்க மாட்டேங்குது."

"காத்துல ஆடுதா அண்ணாச்சி?"

"காத்து எங்க அடிக்கி இங்க? அசையுது. போன வாரம் நிழலு ஸ்டாப்போட நின்னுச்சு, இப்ப ரேஷன் கடை வாசல் வரைக்கும் போயிருச்சு. நீங்க யாராவது வந்து போட்டீங்களா?"

யாரும் போடவில்லை. காளீஸ் ஓடினாள். சாலையின் ஒரு பக்கத்தில் பாதி ஊர் நிற்கும் அளவுக்கு நிழல் விரிந்து கிடந்தது, கட்டம் கட்டமாக, கூடைக் கண் வழியாக வெயில் பொட்டுப் பொட்டாக விழ, அதன் நடுவில் கண்ணே இல்லாத, ஓட்டையே இல்லாத ஒரு முழு நிழல் குத்தவைத்திருந்தது. இடது தோள் கொஞ்சம் தூக்கியிருந்தது. கொண்டை அவிழப் பார்த்தது. அதன் கைகள் இரண்டும் ஓரத்தில் கிடந்த நிழல் இழைகளை எடுத்து, மடித்து, நுழைத்து, இழுத்து, மடித்து, நுழைத்து, இழுத்து, நிற்காமல் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தன. வீட்டில் அம்மா கை கட்டி உட்கார்ந்திருக்க, இங்கே அவள் நிழல் ஊருக்கே வேலை பார்த்துக்கொண்டிருந்தது. அதன்மேல் நின்றுகொண்டு ஓர் ஆள் பீடி பிடித்தான். காளீஸ் அவனைப் பிடித்துத் தள்ளினாள்.

"எங்கம்மா மேல நிக்கீரு, எறங்கும்!"

மறுநாள் உச்சிப்பொழுதில் அவள் அங்கே வந்து, நிழலைப் பிரித்து எடுக்கப்போகிறேன் என்று சொன்னதும் ஊர் இரண்டாகவில்லை, மொத்தமாக ஒரே பக்கம் நின்றது, அவளுக்கு எதிர்ப்பக்கம். ஊராட்சித் தலைவர் கோமதிநாயகம் வெள்ளை வேட்டியோடு நிழலின் நடுவில் வந்து நின்றார். அவர் கெட்ட மனுஷர் இல்லை, வெயிலில் வேர்த்தவர், அவ்வளவுதான்.

"ஒரு மாசம் பொறு பிள்ள. இப்ப ரேஷன் கடை வரைக்கும் வந்திருக்கு, அடுத்து ஆஸ்பத்திரி, அதுக்கடுத்து பால்வாடி. பச்சப்பிள்ளைங்க கால் சுடாம நடக்கும். ஊருக்கு நல்லது நடக்கப்போ ஒரு வீட்டுல கொஞ்சம் சிரமம் இருக்கத்தான் செய்யும்."

"அப்ப ஒங்க வீட்டுல இருக்கட்டும் மாமா" என்றாள் காளீஸ். "வாங்க, படத்துக்கு நில்லுங்க, ஒங்க நிழல அழிச்சுத் தர்றேன். அது என்ன வேலை பாக்குதுன்னு பாப்போம்."

"மைக் பிடிச்சுக்கிட்டு நிக்கும்" என்றது கூட்டத்தில் ஒரு குரல். சிரிப்பு எழுந்தது, தலைவரே பாதி சிரித்துவிட்டார், ஆனால் இடத்தை விட்டு நகரவில்லை. இரண்டு மூன்று பெண்கள், என் நிழலை எடுத்துக்கொள், வீட்டில் சும்மாதான் கிடக்கிறது என்று முன்னால் வந்தார்கள். "அப்புறம் அடுப்புல கை வைக்காமலே கை வேகும், பரவாயில்லையா?" என்று காளீஸ் கேட்டதும் பின்னால் போனார்கள்.

"சும்மா எல்லாரும் ஊரு ஊருங்காதீங்க" என்றாள் அவள். "தப்பு பண்ணது நான். என்னைய ஏசுங்க, கேட்டுக்கறேன். ஆனா எங்கம்மா கை அவளுக்கு வேணும். அது ஊருச் சொத்து இல்ல."

சொல்லிவிட்டுக் கோணி ஊசியோடு குனிந்தாள். ஞானசௌந்தரி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு எதிர்ப்பக்கம் வந்து உட்கார்ந்தாள், "நான்தானட்டி அள்ளிட்டு வந்தேன்" என்று மட்டும் சொன்னாள். இரண்டு பேரும் முழு நிழலின் ஓரத்தில் இருந்த முடிச்சுகளைப் பிரிக்கத் தொடங்கினார்கள், பிரிக்கப் பிரிக்க அந்த நிழலின் கைகள் வந்து மறுபடி முடிச்சுப் போட்டன. ஒன்றைப் பிரித்தால் இரண்டைப் போட்டது. வேர்த்துக் கொட்டியது. அரை மணி நேரத்தில் ஆரம்பித்ததைவிட ஒரு முழம் நிழல் கூடியிருந்தது.

"பாத்தியா, அதுக்கே போக மனசில்ல" என்றார் தலைவர்.

அந்த நேரத்தில் கூட்டம் விலகியது, சண்முகக்கனி வந்தாள். யாரும் கூப்பிடவில்லை. வீட்டிலிருந்து அந்த வெயிலில் காலடியில் ஒன்றுமில்லாமல் நடந்து வந்திருந்தாள், முகம் செங்கல் மாதிரி இருந்தது, பக்கத்தில் போனவர்களுக்கு அடுப்பு வாசம் அடித்தது. தன் நிழலைப் பார்த்தாள். இடுப்பில் கை வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

"ஓரத்துல மூணு கண்ணு விட்டுப் போட்டிருக்கு" என்றாள். "நான் இப்படி போட மாட்டேன். ஆள் இல்லாம கை மட்டும் வேல செஞ்சா இப்படித்தான்."

"அம்மா, தொடாத, இளகிரும்."

"இது ஒயர் இல்லட்டி, இளக."

சொல்லிக்கொண்டே நிழலின்மேல் குத்தவைத்தாள், அது இருந்த மாதிரியே இடது தோளைத் தூக்கிக்கொண்டு. ஓர் இழையை எடுத்தாள். அது சுடவில்லை, வழுக்கவில்லை, பன்னிரண்டு நாளாக ஒன்றையும் பிடிக்க முடியாத விரலில் ஜில்லென்று நின்றது. அவள் கண்ணில் தண்ணீர் வந்தது, துடைக்கவில்லை, துடைத்தால் கை நிற்கும். மடித்தாள், நுழைத்தாள், இழுத்தாள். நிழல் வேகமாகப் போட்டது, அவள் பின்தங்கினாள். அவள் எட்டிப் பிடித்தாள், நிழல் தாண்டியது. பஸ் வந்தது, யாரும் ஏறவில்லை, டிரைவர் என்ஜினை நிறுத்திவிட்டு இறங்கி வந்து எட்டிப் பார்த்தார். மடித்து, நுழைத்து, இழுத்து, இரண்டு ஜோடிக் கைகளும் ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டு போய், ஒரு முடிச்சில் இரண்டும் ஒரே நேரத்தில் இழுத்தன, ஒரே முடிச்சு, ஒரே இழுப்பு, அந்த இழுப்பில் நிழல் அவள் பாதத்தில் ஒட்டிக்கொண்டது. அவள் கைகள் நின்றபோது அதன் கைகளும் நின்றன.

"இப்ப பிரிங்க" என்றாள் சண்முகக்கனி.

காளீஸும் சௌந்தரியும் சுற்றியிருந்த முடிச்சுகளைப் பிரித்தார்கள், இந்தத் தடவை எந்தக் கையும் வந்து திரும்ப முடிச்சுப் போடவில்லை. கடைசி முடிச்சு அவிழ்ந்ததும் அவள் எழுந்து நின்றாள், கூடவே அதுவும் எழுந்தது, உச்சிப்பொழுது ஆகையால் குட்டையாக, காலைச் சுற்றி ஒரு கறுப்புத் தட்டுப்போல. பெருமூச்சு விட்டாள், மூச்சில் சூடு இல்லை.

தலைவர் தொண்டையைச் செருமினார். "அப்ப ஆஸ்பத்திரி வரைக்கும்..."

"எம்மக கூடை நிழல அழிச்சுத் தருவா. நான் வந்து போட்டுத் தர்றேன், எனக்கு நேரம் இருக்கப்போ" என்றாள் சண்முகக்கனி. "ஆளு நிழலக் கேட்டு இனி எவனும் வாசல்ல வரக் கூடாது."

அப்படித்தான் ஆயிற்று. ஆஸ்பத்திரிக்கு நிழல் போய்ச் சேர ஒரு மாதம் இல்லை, மூன்று மாதம் ஆனது, அதற்குள் மழையே வந்துவிட்டது. ஆன்லைன் கடைக்காரர்கள் மறுபடியும் ஆளோடு படம் கேட்டபோது, காளீஸ், ஆளின் நிழல் ஆளோடுதான் வரும், பிடித்தால் போடுங்கள், பிடிக்காவிட்டால் கூடை மட்டும் பாருங்கள் என்று ஒரே வரியில் எழுதிப் போட்டாள். அவர்கள் நிழலோடேயே போட்டார்கள்.

பஸ் ஸ்டாப்பில், சண்முகக்கனியின் நிழலை எடுத்த இடத்தில், குத்தவைத்த பெண் வடிவத்தில் ஓர் ஓட்டை விழுந்தது. அதை யாரும் அடைக்கவில்லை. சுற்றிலும் நிழலாக இருக்க, நடுவில் கொண்டையும் தோளும் இடுப்புமாகப் பளீரென்று வெயில் அடித்தது. நிழலில் நிற்கிறவர்கள் அந்த இடத்தை மட்டும் மிதிக்காமல் சுற்றிப் போனார்கள். இரண்டு வாரத்தில் யாரோ ஒரு பெண் யோசித்து, ஊரிலேயே ஆடு வாய் வைக்காத, ஆள் கூட்டம் எப்போதும் பார்த்துக்கொண்டிருக்கிற வெயில் அதுதான் என்று, ஒரு சேலையை விரித்து அதில் மோர்மிளகாய் காயப்போட்டாள். அதன்பிறகு முறை வைத்துக்கொண்டார்கள், திங்கள் ஒரு வீடு, செவ்வாய் ஒரு வீடு.

சண்முகக்கனியின் முறை வந்த அன்றைக்கு அவள் கூழ்வற்றலைப் பிழிந்து வைத்துவிட்டு, வெயிலில் கிடந்த தன் வடிவத்தைத் தலை சாய்த்துப் பார்த்தாள்.

"ஏட்டி, எனக்கு இடுப்பு இம்புட்டு அகலமாவா இருக்கு?"

"நான் அளவு மாத்தல" என்றாள் காளீஸ். "இருக்கறது அதான்."

அம்மா அவள் தலையில் ஒரு தட்டுத் தட்டினாள், கையோடு குனிந்து, இடுப்புப் பக்கம் காலியாகக் கிடந்த இடத்தில் இன்னும் இரண்டு வரிசை பிழிந்தாள்.